அக்காவின் ஏழாம் இடத்தில் நான் ஆடிய ஆட்டம்

உருப்படியாக ஒரு வேலையும் தெரியாத ஆளுக்குக்கூட ஏதாவது ஒன்றில் ஞானம் இருக்கும். சிலருக்குச் சங்கீதம், சிலருக்குக் கணக்கு. எனக்கு வாய்த்தது, டவுன்லோட் செய்யாமல் பிரவுசரிலேயே ஆடக்கூடிய விளையாட்டுகளில் எது தங்கம், எது தகரம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடும் ஞானம். (இதற்கு டாக்டர் பட்டம் கொடுக்க எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை முன்வரவில்லை. அவர்கள் இழப்பு.)

அந்த ஞானத்தை வைத்து என் அக்காவின் கல்யாணத்தை நான் கிட்டத்தட்ட ஊற்றி மூடிய கதை இது. ஏழு வருஷமாக எங்கள் குடும்பத்தில் இதை என்னைத் தவிர எல்லாரும் சொல்லியாகிவிட்டது. அவர்கள் சொல்லச் சொல்ல அதில் என் முட்டாள்தனம் வளர்ந்துகொண்டே போகிறது. அன்றைக்கு நான் எவ்வளவு முட்டாளோ அவ்வளவை மட்டும் நானே எழுதி வைத்துவிடுவது உடம்புக்கு நல்லது என்று தோன்றியது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. புஞ்சாக் ஆலாம் என்ற ஊரில் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் வேலை. வேலை என்றால், லோரி வந்தது, லோரி போனது என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பதிவது. எங்கள் அப்பா ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் காலமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டியவர். "நான் லோரிய ஓட்டுனேன், எம்மவ லோரிய எண்ணுறா. குடும்பம் முன்னேறிடுச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அலுவலகத்தில் கொடுத்த லேப்டாப் பத்தினி மாதிரி. அதில் எதையாவது டவுன்லோட் செய்யக் கை வைத்தால் போதும், சிவப்பாக ஒரு பெட்டி எழும்பி, உங்கள் மேலாளருக்குத் தகவல் போய்விட்டது என்று மிரட்டும். என் கைப்பேசியிலோ இடமே கிடையாது. அம்மா அனுப்பும் காலை வணக்கப் படங்கள் (ரோஜாப்பூ, பிள்ளையார், ரோஜாப்பூவுக்குள் பிள்ளையார்) அத்தனையையும் அது சுமந்துகொண்டிருந்தது. ஆகவே, பிரவுசரில் திறந்தவுடன் ஆடும் விளையாட்டுதான் எனக்கு விதிக்கப்பட்டிருந்தது. விதித்ததைச் சிறப்பாகச் செய்ய வேண்டும் அல்லவா? ஆராய்ச்சியில் இறங்கினேன்.

பெயர் கேட்கும் விளையாட்டு, மின்னஞ்சல் கேட்கும் விளையாட்டு எல்லாம் முதல் சுற்றிலேயே வெளியே. விளையாட வந்தவளிடம் பூர்வீகம் விசாரிக்கிறவனோடு எனக்கென்ன பேச்சு? சத்தம் போடும் விளையாட்டும் கூடாது. (மிட்டாய் வெடிக்கும் விளையாட்டு ஒன்று, காலைக் கூட்டத்தில் 'யாஹூ' என்று கத்தி என் மானத்தை வாங்கியிருக்கிறது.) ஆட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். டேப்பை மாற்றினால் கடிகாரம் நின்று, திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பொன்விதி: தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டாகவே தெரியக் கூடாது. வேறு ஏதோ முக்கியமான சமாச்சாரம் மாதிரி தெரிய வேண்டும். இந்தக் கடைசி விதியை நானே வகுத்தேன் என்பதில் அப்போது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இத்தனை விதிகளையும் தாண்டி வந்தது ஒரே ஒரு விளையாட்டு. நான்குக்கு நான்கு, பதினாறு கட்டங்கள். சில கட்டங்களில் எண்கள் இருக்கும். அம்புக்குறியை அமுக்கினால் எல்லா எண்களும் அந்தப் பக்கமாகச் சரியும். ஒரே மாதிரி இரண்டு எண்கள் மோதிக்கொண்டால் சேர்ந்து இரட்டிப்பாகும். இரண்டும் இரண்டும் நான்கு, நான்கும் நான்கும் எட்டு. அவ்வளவுதான். நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டு வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகளாக வைத்துக்கொள்ளும் வசதியும் அதில் இருந்தது. யாராவது வரும் சத்தம் கேட்டால் கண்ட்ரோலும் டேப்பும் சேர்த்து ஒரு அமுக்கு, திரையில் லோரிக் கணக்கு வந்துவிடும். மேனேஜரின் செருப்புச் சத்தத்துக்கு என் விரல்கள் தாமாகவே இயங்கும். அதற்கு மூளையின் அனுமதிகூடத் தேவைப்படாது.

இப்போது அக்காவிடம் வருகிறேன்.

அக்கா லோகாவுக்கு அப்போது முப்பத்தொன்று. ராவாங்கில் ஒரு ஃபேக்டரியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஏற்கெனவே இரண்டு வரன்கள் வந்து, கேசரி சாப்பிட்டு, ஜாதகத்தைப் பார்த்து, "ஏழாம் இடம் பலமில்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தன. ஏழாம் இடம் என்றால் ஜாதகத்தில் கல்யாண இடம். லக்னத்திலிருந்து எண்ணினால் ஏழாவது கட்டம். கட்டத்துக்குக் கட்டம் பரல் என்று ஓர் எண் போடுவார்கள். இருபத்தெட்டுக்கு மேல் இருந்தால் பலம், குறைந்தால் சந்தேகம். அக்காவின் ஆயுள், படிப்பு, சம்பளம், சமையல் எதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த ஒரு கட்டம்தான்.

மூன்றாவது வரன் பார்த்திபன். அதே ஃபேக்டரி, அதே பிரிவு. இருவரும் மூன்று வருஷமாகப் பழகுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், ஃபேக்டரிக்கே தெரியும். ஆனால் பார்த்திபனின் அம்மா சரோஜாவுக்குத் தெரியக் கூடாது. அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்தியவர். ஒரே அதட்டலில் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த குரல். ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவர். புக்கிட் ரோத்தான் ஜோசியர் சரி என்று சொல்லாமல் வீட்டில் ஒரு ஃபேன்கூட மாட்ட மாட்டார். ஆகவே ஒரு தரகரைப் பிடித்து, முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் மாதிரி ஏற்பாடு நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா என்னைக் குளியலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"தனா, இதுவும் இல்லன்னு ஆயிடுச்சுன்னா, நான் இனிமே எவன் முன்னாடியும் தட்டு தூக்கிட்டுப் போய் நிக்க மாட்டேன். இவரும் அம்மா சொல்ல மீறி வர மாட்டாரு, நானும் கூப்புட மாட்டேன். புரியுதா? நீ ஒண்ணும் செய்ய வேணாம். ஜாதகத்த மட்டும் ஒழுங்கா போட்டுக் காட்டு."

"இவ்ளோதானே? கண்ண மூடிக்கிட்டு செய்வேன் லா" என்றேன். (அப்படியேதான் செய்தேன்.)

ஜாதகத்தை நான் போட்டுக் காட்ட வேண்டி வந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கையால் எழுதிய அசல் ஜாதகத்தில் பாதியைக் கரையான் சாப்பிட்டுவிட்டது. மிச்சமிருந்த பாதியில் அக்கா பிறந்ததாகவே தகவல் இல்லை. இரண்டு, ஜோசியருக்கு முந்தின வாரம்தான் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். சின்ன எழுத்தைப் படிக்கக் கூடாது, பெரிதாகப் போட்டால் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் பந்தாட்டம் பார்ப்பதற்காக அப்பா வாங்கிப் போட்ட தொலைக்காட்சி சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. லேப்டாப்பை அதில் மாட்டினால் ஜாதகத்தை வீட்டுக்கு வெளியே ஒற்றையடிப் பாதையிலிருந்துகூடப் படிக்கலாம்.

ஜாதகம் கணிக்கவும் டவுன்லோட் தேவையில்லாத ஓர் இணையதளத்தைக் கண்டுபிடித்தேன். (துறை மாறினாலும் கொள்கை மாறாது.) பிறந்த நேரம் கேட்டது. அம்மாவிடம் கேட்டேன்.

"பெரட்டு முடிஞ்சு உங்கப்பா திரும்பி வர்றதுக்குள்ள பொறந்துட்டா."

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பது. அந்த இணையதளத்தில் 'பெரட்டு' என்று தட்ட இடமில்லை. ஆறு மணி பத்து நிமிடம் என்று போட்டேன். மீன லக்னம் என்று வந்தது, அதை மட்டும் தரகர் மூலம் ஜோசியருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பினோம். கட்டங்களில் எண்கள் வந்தன. அவற்றை நான் படித்துப் பார்க்கவில்லை. தெரியாத சாஸ்திரத்தில் நான் தலையிடுவதில்லை, கை மட்டும்தான் விடுவேன்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றாகியும் வரவில்லை. பன்னிரண்டுக்கு எமகண்டம் என்று அம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அறிவித்துக்கொண்டிருந்தார். அப்பா தொலைக்காட்சியில் ஏதோ செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ஒரு டேபில் ஜாதகம். பக்கத்து டேபில்... உங்களுக்கே தெரியும். ஐந்து நிமிட ஆட்டம், யாருக்கு என்ன நஷ்டம்?

ஆட்டம் பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. இடது மேல் மூலையில் அறுபத்து நான்கு. பக்கத்தில் முப்பத்திரண்டு. வாசலில் கார் சத்தம் கேட்டது. விரல்கள் அமுக்கின. திரையில் ஜாதகம். கண்ணாலேயே பார்த்தேன், ஜாதகம்தான். நிம்மதியாக எழுந்தேன்.

முதலில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஜோசியர் பார்த்திபனின் கையைப் பிடித்தபடி வந்தார். பார்த்திபன் எங்கள் வீட்டை முதல் முறையாகப் பார்ப்பது போல விழித்தார். (முந்தின மாதம்தான் எங்கள் கூரை ஒழுகுவதைச் சரி செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.) கடைசியாக சரோஜா அம்மா. உட்காரச் சொன்னால் உட்காராமல் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். நான் லேப்டாப்பின் கேபிளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக என் முதுகுக்குப் பின்னால் அவருடைய காலடிச் சத்தம், கனமாக, நிதானமாக, அப்படியே எங்கள் மேனேஜர் மாதிரி வந்து நின்றது.

விரல்கள் அமுக்கின.

ஒரு முறை அமுக்கினால் விளையாட்டிலிருந்து ஜாதகம். இன்னொரு முறை அமுக்கினால் எங்கே போகும் என்று பாலர் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஏனென்றால் அதே நேரத்தில் அம்மா அடுப்படியிலிருந்து, "தனா! கறிபாப் தட்ட வந்து எடு!" என்று கூப்பிட்டார். நான் ஓடினேன். எனக்குப் பின்னால் அப்பா ரிமோட்டை எடுத்து, "இந்தா, வருது ஐயா, பெரிசா வருது" என்று சொல்வது கேட்டது.

அடுப்படியில், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பை அடுக்கும்போது கூடத்திலிருந்து ஜோசியரின் குரல் கணீரென்று வந்தது.

"மீன லக்னம். லக்னத்துல பரல்... அறுபத்து நாலா! என் நாப்பது வருச அனுபவத்துல நான் பாத்ததில்லமா. பொண்ணுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. யாரு சொன்னாலும் கேக்காது."

"அது சரிதான்" என்றார் அப்பா.

"ரெண்டாம் இடம் வாக்கு. முப்பத்திரண்டு. வாயும் கொஞ்சம் நீளம்."

"அதுவும் சரிதான் ஐயா!" அப்பா பரவசமாகிவிட்டார்.

அறுபத்து நான்கு. முப்பத்திரண்டு. எங்கேயோ கேட்ட எண்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், சுவர் முழுக்க என் ஆட்டம். வெள்ளையில் கறுப்புக் கட்டம். நம் ராசிக்கட்டமும் நான்குக்கு நான்குதான், நடுவில் உள்ள நான்கை மட்டும் வெறுமனே விட்டுவிடுவார்கள். என் ஆட்டத்திலும் அந்த நேரம் பார்த்து நடு நான்கும் காலி. ஆயிரக்கணக்கில் ஆடியிருக்கிறேன். அப்படி ஒரு நிலைமை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

வேறு ஏதோ முக்கியமான சமாச்சாரம் மாதிரி தெரிய வேண்டும் என்று நானே தேர்ந்தெடுத்தேன் அல்லவா? தெரிந்தது. தாராளமாகத் தெரிந்தது.

பார்த்திபனைப் பார்த்தேன். அவர் முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஃபேக்டரி இடைவேளையில் அவரும் அதே விளையாட்டுதான். (நான்தான் பரிந்துரைத்திருந்தேன். ஞானத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது.) அக்கா தேத்தண்ணித் தட்டோடு என் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தலை குனிந்திருந்தாள்.

ஜோசியர் தொண்டையைக் கனைத்தார்.

"இப்ப முக்கியமான எடத்துக்கு வருவோம். ஏழாம் இடம். கன்னி. வலது கீழ் மூலை." கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி இறக்கினார். "அம்மா, அங்க பரலே இல்லையே. சுத்தமா காலியா இருக்கு. அஞ்சாம் இடம், குழந்தை பாக்கியம், அதுவும் காலி."

அக்காவின் தட்டில் கோப்பைகள் கிணுகிணுத்தன. சரோஜா அம்மா பெருமூச்சு விட்டு, கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அது எழுந்திருக்கப் போகிற கைப்பை. முந்தின இரண்டு வரன்களின்போதும் நான் பார்த்த கைப்பை அசைவு.

ஐயோ கடவுளே, இது ஜாதகம் இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான். அதைவிடப் பேசாமல் டேப்பை மாற்றிவிடலாம் என்று மேசைக்குப் பாய்ந்தேன். ஒரு கையில் கறிபாப் தட்டு. இன்னொரு கையை நீட்டும்போது தட்டின் விளிம்பு லேப்டாப் மேல் இடித்தது. இடித்த இடம் வலது அம்புக்குறி.

சுவரில் இருந்த எண்கள் சரசரவென்று வலது பக்கம் ஓடின.

"ஐயா!" சரோஜா அம்மா கத்தினார். "நகருது! கட்டம் நகருது!"

ஜோசியர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியே விட்டார். இப்படி ஒரு நிகழ்வுக்கு அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பெயர்தான் தெரியும்.

"பெயர்ச்சி!" என்றார் கையைக் கூப்பி. "கிரகப் பெயர்ச்சிமா! கம்ப்யூட்டர்ல நேரடியா காட்டுறான் பாருங்க! ஏழாம் இடத்துல பரல் வந்துருச்சு! எத்தன?"

"ரெண்டு" என்றார் அப்பா.

"ரெண்டு கம்மிதான். ஆனா வந்துருச்சுல்ல? அஞ்சாம் இடம்?"

"பதினாறு."

"பதினாறா! பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கன்னு சும்மாவா சொன்னாங்க பெரியவங்க!"

பார்த்திபனுக்குப் புரையேறிவிட்டது. அப்பா ஓடிப்போய் அவர் முதுகில் தட்டினார். சரோஜா அம்மாவின் கைப்பை மடியிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது.

நல்ல பெண்ணாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பாள். டேப்பை மாற்றியிருப்பாள், அல்லது கேபிளைப் பிடுங்கியிருப்பாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஏழாம் இடத்தில் இரண்டுதானே இருக்கிறது, கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. நவகிரகங்களும் கைவிட்ட அக்காவைக் கரையேற்றும் பொறுப்பு, லோரி எண்ணுகிற தனலெட்சுமியின் ஆள்காட்டி விரலில் இருப்பதாக நம்பினேன். ஆட்டத்தில் நான் கெட்டிக்காரி அல்லவா? தட்டை மேசையில் வைப்பது போல வைத்து, ஜோசியர் தேத்தண்ணியை ஊதும் நேரம் பார்த்து, கீழ் அம்புக்குறியை நைசாக ஒரு தட்டு தட்டினேன்.

ஏழாம் இடம் இரண்டாகவே இருந்தது. லக்னத்தில் இருந்த அறுபத்து நான்கு கீழே விழுந்தது. மேல் வரிசையிலிருந்து ஒரு எட்டு இறங்கி வந்து, கட்டத்துக்கு நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டது.

ஜோசியரின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"நடுக்கட்டத்துல எந்தக் கிரகமும் வராதே" என்றார் மெதுவாக. "அங்க எடமே கிடையாதே."

அவர் சொல்லி முடிக்கவும் ஐந்து நிமிடம் முடியவும் சரியாக இருந்தது. நான் சோதித்துத் தேர்ந்தெடுத்த விளையாட்டு, நேரம் தவறவே தவறாது. கட்டத்தின் மேல் ஒரு பெரிய பலகை வந்து விழுந்தது. நம் நாட்டிலிருந்து திறந்தால் அந்த இணையதளம் மலாயில்தான் பேசும். பலகையில் பெரிய எழுத்தில் ஒரு சொல், அதற்குக் கீழே இரண்டு சொல். சரோஜா அம்மா கேன்டீன் கணக்கையெல்லாம் மலாயில் எழுதியவர். உரக்கப் படித்தார்.

"தமாட்."

முடிந்தது என்று அர்த்தம். அம்மா அடுப்படி வாசலில் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சரோஜா அம்மா எழுந்து நின்றார். முந்நூறு பிள்ளைகளை நிறுத்திய குரல் வந்தது. "இது கேம்! எங்க கேன்டீன்ல பிள்ளைங்க போன்ல விளையாடுவானுங்க, பாத்திருக்கேன். என்னா இது? கூப்புட்டு வெச்சு விளையாட்டு காட்டுறீங்களா?"

"ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி, இது நான்தான்..." என்று ஆரம்பித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "டேப்பு மாறிப் போச்சு. ஜாதகம் பக்கத்துல இருக்கு. இந்தா இப்பவே காட்டுறேன்."

"காட்டாதே" என்றாள் அக்கா.

தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். அன்றைக்குத்தான் அவள் முதல் முறையாக வந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"காட்டாதே தனா. ரெண்டு வாட்டி உண்மையான கட்டத்தக் காட்டி, ஏழாம் இடம் சரியில்லன்னு எழுந்து போனாங்க. இன்னிக்குப் பொய்க் கட்டம். அதுலயும் ஏழாம் இடம் காலின்னுட்டாங்க. நான் என்னாதான் செய்யிறது? மூணு வருசமா ஒரே மேசையில உக்காந்து சாப்புடுறோம் ஆன்ட்டி, நானும் உங்க மகனும். எனக்கு அவரப் புடிச்சிருக்கு. அதுக்கு எந்தக் கட்டத்துல எத்தன இருக்கணும்னு எனக்குத் தெரியல."

ரகசியம் வெளியே வந்துவிட்டது. பார்த்திபன் கைக்குட்டையை எடுத்துவிட்டு, "ஆமாம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மூன்று வருஷமாகத் தேக்கி வைத்த வீரம் அந்த ஒரு சொல்லோடு தீர்ந்துபோனது.

சரோஜா அம்மா மகனைப் பார்க்கவில்லை. ஜோசியரின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, அப்ப இவ்ளோ நேரம் நீங்க படிச்சது கேமையா?"

அறையில் இருந்த எல்லாருடைய மானமும் அதுவரை என் ஒருத்தியால் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஜோசியரின் முறை. மீன லக்னத்தில் அறுபத்து நான்கு என்று ரசித்துச் சொன்ன மனிதர். பெயர்ச்சி என்று கைகூப்பிய மனிதர். இந்தக் கதை வாசலைத் தாண்டினால் புக்கிட் ரோத்தானில் அவரிடம் இனி ஒருவரும் நல்ல நேரம் கேட்க மாட்டார்கள். அவர் நிதானமாகக் கண்ணாடியை மாட்டினார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"யாரு கேமுன்னு சொன்னது? கீழ இன்னொரு வரி தெரியுதே. அது என்னா போட்டிருக்கு, படிங்க."

சரோஜா அம்மா எரிச்சலோடு படித்தார். "சுபா லாகி."

"என்னா?"

"சுபா லாகி!"

"கேட்டுக்குங்க" என்றார் ஜோசியர், கறிபாப்புக்குக் கையை நீட்டியபடி. "சுப லக்னம். கடவுளே வாய் விட்டுச் சொல்லிட்டான். இதுக்கு மேல நான் பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல."

மலாயில் 'சுபா லாகி' என்றால் இன்னொரு முறை முயன்று பார் என்று அர்த்தம். அந்த அறையில் அது தெரியாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஜோசியருக்கும் தெரியும். ஜோசியருக்குத் தெரியும் என்பது சரோஜா அம்மாவுக்கும் தெரியும். எல்லாரும் சரோஜா அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு வருசம் ஒரே மேசையிலயா?"

"ஆமா ஆன்ட்டி."

"அதான் இவன் வீட்டுச் சாப்பாட்ட தொட்டும் தொடாம கொறிக்கிறான்." மறுபடி சுவரைப் பார்த்தார். "ஐயா, சுபா லாகின்னா என்னான்னு எனக்கும் தெரியும். மொத ரெண்டு வாட்டி சரியா வரல, இன்னொரு வாட்டி முயற்சி பண்ணச் சொல்லுது. சரி, பண்ணிருவோம்." உட்கார்ந்தார். "தேத்தண்ணிய குடும்மா, ஆறிடப் போவுது."

அக்கா கோப்பையை நீட்டினாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஆட்டத்தில் தோற்ற பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன். அப்பாதான் முதலில் சுதாரித்தவர். "எமகண்டம் வர்றதுக்குள்ள தட்டு மாத்திருவோம்" என்று எழுந்தார். தட்டு தயாராக இல்லை. கறிபாப் தட்டிலேயே வெற்றிலை பாக்கை வைத்து மாற்றினார்கள். அந்தத் தட்டின் விளிம்பு நெளிந்திருப்பதை அக்கா இன்றைக்கும் வருகிறவர்களிடம் காட்டுவாள்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் எது கெட்டுப் போனாலும் 'சுபா லாகி'தான். தோசை கருகினால் சுபா லாகி. கார் ஓட்டும் தேர்வில் நான் நான்கு முறை தோற்றபோது, சரோஜா அத்தை நான்கு முறையும் ராவாங்கிலிருந்து போன் போட்டு அதைச் சொன்னார். கல்யாண வீடுகளில் எனக்குப் பந்தி பரிமாறும் வேலையைக்கூட நம்பிக் கொடுப்பார்கள், ஆனால் ஜாதகம் இருக்கும் அறையில் என்னை விட மாட்டார்கள். எனக்கே வரன் பார்க்க ஆரம்பித்தபோது, என் ஜாதகத்தை அம்மா தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். ஜோசியர் மட்டும் என்னைக் கண்டால் இன்றைக்கும் மரியாதையாகக் கை கூப்புவார். அவருக்குத் தொழில் அமோகம்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்றைக்கு அவர்கள் கிளம்பிப் போனதும் பக்கத்து டேபைத் திறந்து பார்த்தேன். மீன லக்னம். ஏழாம் இடம். எண்ணைப் பார்த்ததும் மூடிவிட்டேன். நல்லவேளை அந்த டேப் திறக்கவில்லை என்று பிள்ளையாருக்கும் ரோஜாப்பூவுக்கும் நன்றி சொன்னேன். அப்புறம் அக்காவும் அத்தானும் சண்டை போடும் போதெல்லாம் (ஃபேன் வேகத்துக்காக, பூண்டு உரிப்பதற்காக) எனக்கு அந்த எண் ஞாபகம் வரும். ஏழு வருஷம் இப்படிப் பொத்தி வைத்தது போதும் என்று போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன்.

"உண்மையான ஜாதகத்துல அக்காவோட ஏழாம் இடம் எத்தனன்னு யாருமே கேக்கலையே?"

அம்மாவின் கை முறுக்குத் தட்டில் நின்றது. "எத்தனடி?"

"பதினெட்டு."

இருபத்தெட்டுக்கு மேல் இருக்க வேண்டிய இடம் என்பது இதற்குள் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அத்துப்படி. அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் வாயில் இருந்த முறுக்கை முழுவதும் மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"நான் கட்டிக்கிட்டப்ப வெறும் ரெண்டுதானே இருந்துச்சு? பதினெட்டுன்னா எவ்வளவோ மேல் லா."